சொல்லும் சார்பும்: ஆங்கில அருஞ்சொற்களைத் தேர்ந்துகொள்ளும் முறை

ஒரு சொல்லின் பொருள் அகராதியில் இருக்கிறதா, அது வரும் வாக்கியத்தில் இருக்கிறதா என்னும் வினா தமிழ் இலக்கணிகளுக்குப் புதியதன்று. 'மா' என்னும் ஓரெழுத்து ஒருமொழி மரத்தைக் குறிக்கும், விலங்கைக் குறிக்கும், சிறப்பாகக் குதிரையையும் குறிக்கும். கேட்பவர் இவற்றுள் எதனைக் கொள்வது? தொல்காப்பியர், சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கத்திலேயே இதனை எடுத்துக்கொள்கிறார். பல பொருள் குறித்த ஒரு சொல், தன்னோடு வரும் வினையாலும், இனத்தாலும், சார்பாலும் தன் பொருளைத் தெளிவுபடுத்தும் என்பது அவர் கருத்து. மா தளிர்த்தது என்றால் மரம். இது வினையால் தெளிந்தது. மாவும் வேம்பும் நின்றன என்றாலும் மரமே. இது இனத்தால் தெளிந்தது. கவசம் அணிந்து போருக்கு நிற்கும் வீரன் மா கொண்டு வருக என்றால் அது குதிரை. இங்குச் சார்பு தெளிவிக்கிறது. சேனாவரையர் முதலிய உரையாசிரியர்கள் விளக்கும் முறை இதுவே.

இன்று போட்டித் தேர்வுகளுக்கு ஆங்கிலம் பயிலும் மாணவர்க்குக் 'கான்டெக்ஸ்ட் க்ளூ' என்னும் பெயரால் கற்பிக்கப்படுவது இம்மூன்றுக்கும் நெருங்கிய உறவுடையது. எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தன என்று மார்தட்டுவதற்காக இதனைக் கூறவில்லை. தமிழ்வழி பயின்று வந்த மாணவர், தமக்கு ஆங்கில அருஞ்சொற்கள் எட்டா என்று தொடக்கத்திலேயே சோர்ந்துவிடுகிறார். தாம் ஏற்கெனவே தமிழில் செய்து பழகிய ஒரு வேலையைத்தான் அங்கும் செய்யவேண்டியிருக்கிறது என்று அறிந்தால் அவருக்குத் துணிவு பிறக்கும். அதன்பொருட்டே தமிழ்த்துறை மலரில் இக்கட்டுரை.

ஈண்டு ஆங்கில வாக்கியங்களைத் தமிழாக்கித் தந்து, ஆராயும் சொல்லை மட்டும் ஆங்கில ஒலியிலேயே எழுதியுள்ளேன்.

பட்டியல் படுத்தும் பாடு

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மேற்படிப்புக்குரிய ஜி.ஆர்.இ. தேர்வுக்கென வெளிவந்த பேரன்ஸ் வழிகாட்டி நூலின் முன்னைய பதிப்புகளில் 3500 சொற்கள் அகரவரிசையில் அடுக்கப்பட்டிருந்தன. அதனை நாளொன்றுக்கு ஐம்பது சொற்களாக நெட்டுருச் செய்த தலைமுறை ஒன்று உண்டு. அத்தேர்வில் எதிர்ச்சொல் கேட்கும் வினாக்களும், சொல்லிணை கேட்கும் வினாக்களும் இருந்தவரை அந்நெட்டுருவுக்கு ஓரளவு பயன் இருந்தது. 2011 ஆகஸ்டில் அவ்விருவகை வினாக்களும் நீக்கப்பட்டன. அதன்பின், அருஞ்சொற்களைக் கேட்கும் வினாக்கள் வாக்கியத்தோடேயே வருகின்றன. ஒன்று முதல் மூன்று இடங்கள் வரை கோடிட்டு விடப்பட்ட பத்தியை நிரப்ப வேண்டும். அல்லது ஆறு சொற்களுள், வாக்கியத்திற்கு ஒரே பொருளைத் தரும் இரண்டைத் தேர வேண்டும். எஸ்.ஏ.டி. தேர்விலும் எதிர்ச்சொல் 1994இலும், சொல்லிணை 2005இலும் விடைபெற்றன. நம் நாட்டு வங்கித் தேர்வுகளில் காணப்படும் 'குளோஸ் டெஸ்ட்' எனும் வினாவகையும் சார்பை நம்பியதே. வில்சன் டெய்லர் என்னும் அமெரிக்கர் 1953இல் ஒரு பத்தி எவ்வளவு எளிதாகப் புரிகிறது என அளப்பதற்கு வகுத்த முறை அது. பின்னர் மாணவரை அளக்கும் கோலாயிற்று.

பட்டியலின் குறை அது நீளமாயிருப்பதன்று. ஒரு சொல்லுக்கு எதிரே ஒரு சொல்லை நிறுத்துவதே அதன் குறை. 'சாங்ஷன்' என்றால் அனுமதி என்று நம்மூரில் எழுத்தறியாதவரும் அறிவர். 'லோன் சாங்ஷன் ஆகிவிட்டது' என்பது வீட்டுப் பேச்சு. அம்மாணவர் வரலாற்று நூலொன்றில், 1990 ஆகஸ்டில் ஐ.நா. பாதுகாப்பு அவை ஈராக்கின்மீது 'சாங்ஷன்ஸ்' விதித்தது என்று படிக்கிறார். அனுமதியை எவரும் ஒருவர்மீது விதிப்பதில்லை. 'விதித்தது' என்னும் வினையும் 'மீது' என்னும் சொல்லுருபும் அங்கே நிற்பது அனுமதியன்று, தடை என்று உரக்கச் சொல்லுகின்றன. ஆயினும் பட்டியலை நம்பியவர் காதில் அக்குரல் விழுவதில்லை.

'குவாலிஃபை' என்னும் சொல்லும் இத்தகையது. தகுதி பெறுதல் என்பதே நாம் அறிந்தது. 'நூலைப் பாராட்டிய திறனாய்வாளர், அடுத்த வரியிலேயே அப்பாராட்டைக் குவாலிஃபை செய்தார்' என்று வருமானால் என் செய்வது? வினைக்குரிய செயப்படுபொருள் எது என்று கேட்க வேண்டும். மனிதர் தகுதி பெறலாம். பாராட்டு என்ன தகுதி பெறும்? பாராட்டுக்கு வரம்பு கட்டினார், அதன் வீச்சைக் குறைத்தார் என்பதே பொருள். பட்டியலில் இப்பொருள் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ இருந்திருக்கலாம்; முதற்பொருளைப் படித்தவுடன் அடுத்த சொல்லுக்குத் தாவிவிடுவதே மனித இயல்பு.

கோடிட்ட இடத்தில் நிற்காதீர்

இனி ஒரு வினா. 'பேச்சில் ____ ஆனவர் எனப் பெயர் பெற்றிருந்தபோதிலும், அந்நீதிபதி அன்றைய தீர்ப்பை இரண்டு மணி நேரம் விரித்துரைத்தார்.' தரப்பட்ட சொற்கள்: ஜுடிஷியஸ், எலக்வென்ட், லகோனிக், கேருலஸ். வகுப்பில் இவ்வினாவைக் கொடுத்தால் முதலில் எழும் கைகள் பெரும்பாலும் ஜுடிஷியஸ் என்பதற்கே எழுகின்றன. நீதிபதி என்று வந்துவிட்டதல்லவா! ஜுடிஷியஸ் என்பது நன்கு ஆய்ந்து முடிவு செய்யும் இயல்பு. நீதிபதிக்குப் பொருந்தும், ஆனால் இவ்வாக்கியத்திற்குப் பொருந்தாது. வினா அமைப்போர் இவ்வாறு உறவு காட்டும் சொல் ஒன்றை வேண்டுமென்றே வைப்பர். 'போதிலும்' என்பது இரு பகுதியையும் முரணாக நிறுத்துகிறது. பின்பகுதியில் இரண்டு மணி நேரப் பேச்சு. ஆகவே முன்பகுதியில் அதற்கு மாறான சொற்சுருக்கம் வேண்டும். அதுவே லகோனிக். சுருங்கப் பேசுவதற்குப் பெயர்பெற்ற ஸ்பார்த்தர்களின் நாடாகிய லகோனியாவிலிருந்து பிறந்த சொல் இது. கேருலஸ் என்பது இதற்கு நேர்மாறு. ஓயாது பேசும் இயல்பு. முரணைக் காணத் தவறியவர் அதனைத் தேர்வர்.

இங்கே நான் கண்ட ஓர் இடர்ப்பாட்டைச் சொல்லியாக வேண்டும். ஆங்கில நூல்கள் இதனைக் கூறுவதில்லை. கூற வேண்டிய தேவையும் அவர்க்கில்லை. தமிழில் முரணைக் காட்டும் உருபு சார்பு வாக்கியத்தின் இறுதியில், வினையோடு ஒட்டி வரும். மழை பெய்தாலும், ஏழையாயினும், கேட்டும் என்றிவ்வாறு. 'உம்' செவியில் பட்டவுடனே முக்கிய வாக்கியம் வரும்; திருப்பம் அண்மையில் இருக்கிறது என்று நம் மனம் ஆயத்தமாகிவிடும். ஆங்கிலத்தில் 'ஆல்தோ', 'டிஸ்பைட்' முதலியவை அப்பகுதியின் தலையில் வரும். அதனைக் கடந்து பத்துப் பன்னிரண்டு சொற்கள் சென்றபின்பே திருப்பம் நிகழும். அதற்குள் தமிழ் மாணவர், தலையில் வந்த சிறு சொல்லை மறந்துபோகிறார். சில வேளைகளில் 'ஆல்தோ' பகுதி முழுவதுமே முக்கிய வாக்கியத்திற்குப் பின்னால் வந்துவிடும். அப்பொழுது குழப்பம் இருமடங்காகும்.

பெயரெச்சத்திலும் இதே நிலைதான். தமிழில் அடையெல்லாம் பெயருக்கு முன்னே வந்து முடிந்துவிடும். 'மூன்று முறை கேட்டும் கூட்டணி பற்றி வாய் திறக்காத அமைச்சர்' என்று நாம் சொல்லுகையில், அமைச்சர் என்னும் சொல் வருமுன்பே அவர் இயல்பு தெரிந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் பெரும்பாலும் அமைச்சர் முதலில் வருவார். அவரைப் பற்றிய விளக்கம் பின்னே தொடரும். 'அந்த அமைச்சர் ____ ஆக இருந்தார், கேள்விகளுக்கெல்லாம் நெடிது விடை கூறியவர், கூட்டணி பற்றி மட்டும் ஒரு சொல்லும் சொல்லாதவராய்' என்பது போன்ற அமைப்பு. இங்குக் கோடிட்ட இடத்திலேயே நின்று விடை தேடுபவர்க்குத் தடயம் ஒன்றும் கிட்டாது. முற்றுப்புள்ளி வரை சென்று திரும்ப வேண்டும். இவ்விடத்தில் லகோனிக் பொருந்துமா? பொருந்தாது, ஏனைய கேள்விகளுக்கு நெடிது பேசியிருக்கிறார். மனத்திலுள்ளதை வெளியிடத் தயங்கும் இயல்பைக் குறிக்கும் 'ரெட்டிசென்ட்' என்பதே விடை. குறைவாகப் பேசுதல் வேறு, ஒன்றை மறைத்துப் பேசுதல் வேறு. பட்டியல்களில் இவ்விரண்டுக்கும் 'அதிகம் பேசாத' என்ற ஒரே பொருள் தரப்பட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கோடிட்ட இடத்தை முதலில் கையால் மறைத்துக்கொண்டு, அங்கு வரவேண்டிய பொருளைத் தமிழிலேயே ஒரு சொல்லால் முடிவு செய்தபின் தரப்பட்ட சொற்களைக் காண்பது நல்ல பழக்கம். முதலில் சொற்களைக் கண்டால் அவற்றுள் மிகக் கடினமானது நம்மை மயக்கும். கடினமான சொல்தான் விடையாயிருக்க வேண்டும் என்று எவ்விதியும் இல்லை.

இனமும் ஏற்றமும்

இணைப்புச் சொற்களுள் 'அண்ட்' எளியது. அதன் இருபுறமும் நிற்பவை பெரும்பாலும் ஓரினம். அவருடைய நடை தெளிவும் சுருக்கமும் ____ உம் உடையது என்றால், விடுபட்டதும் புகழ்ச்சிச் சொல்லே. அரைப்புள்ளி பெரும்பாலும் முன் கூறியதைத் தொடர்ந்து செல்லும். முக்காற்புள்ளி முன் கூறியதை விரித்துரைக்கும். நம் மாணவர் நிறுத்தற்குறிகளைப் புறக்கணிப்பது பெருங்குறை. பல வினாக்களுக்கு விடை அந்தப் புள்ளிகளிலேயே இருக்கிறது.

'இஃப் நாட்' என்பதுதான் நம்மவரை மிகுதியாக வழுக்கச் செய்யும் இடம். சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் 'இல்லாவிட்டால்' என்றாகி, ஏதோ மறுப்பு வருவதாகத் தோன்றும். 'அவர் குரல் உரத்தது, இஃப் நாட் ____.' தரப்பட்ட சொற்கள்: ஆடிபிள், மியூட்டட், டெஃபனிங். மறுப்பு என்று எண்ணியவர், அடங்கிய ஒலியைக் குறிக்கும் மியூட்டட் என்பதைத் தேர்வர். உண்மையில் இங்கு நிகழ்வது ஏற்றம். நாம் பேச்சில் 'அவர் பெரிய அறிஞர்; ஏன், மேதை என்றே சொல்லலாம்' என்கிறோமே, அந்த 'ஏன்' செய்யும் வேலையைத்தான் 'இஃப் நாட்' செய்கிறது. உரத்தது, ஏன், செவிடாக்குவது என்றே சொல்லலாம். ஆகவே டெஃபனிங். 'உரத்ததுதான், ஆயினும் செவிடாக்கும் அளவுக்கு இல்லை' என்ற மற்றொரு பொருளும் இத்தொடருக்கு ஆங்கிலத்தில் உண்டு. ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்களும் இங்கு மாறுபடுவர். எப்பொருள் கொண்டாலும், கோடிட்ட இடத்தில் முன்னதினும் மிகுந்த சொல்லே வரும் என்பது மட்டும் மாறுவதில்லை.

சொல்லின் பொருள் தெரிந்தும் தவறும் இடம் ஒன்று உண்டு. அதுதான் அதன் மணம். 'ஃபிரூகல்' என்பதும் 'மைசர்லி' என்பதும் பணத்தை இறுகப் பிடிப்பவரையே குறிப்பன. சிக்கனத்திற்கும் கஞ்சத்தனத்திற்கும் உள்ள வேறுபாடுதான் இவற்றிற்கும். 'தம் ____ வாழ்க்கையால் நான்கு பிள்ளைகளைப் பட்டதாரிகளாக்கிய தந்தையார்' என்று வரும் வாக்கியம், யாரைப் பற்றி எந்த உள்ளத்தோடு பேசுகிறது என்பதைக் கண்டால் போதும். ஃபிரூகல் தானே வந்து அமரும். இந்நுட்பத்தில் நம் மாணவர் பின்தங்கியவரல்லர். 'உண்டான்', 'தின்றான்', 'விழுங்கினான்' என்பவற்றின் வேறுபாட்டை அவர்க்கு யாரும் கற்பிக்கவில்லை. கேட்டுப் பழகியே அறிந்தார்.

சார்பும் ஏமாற்றும்

இதுகாறும் கூறியவற்றால், சார்பு என்றும் உண்மையே பேசும் என்று கொள்ளலாகாது. தேர்வு வினாவில் வாக்கியம் தடயம் தரும்படியே எழுதப்படுகிறது. இயல்பாக எழுதப்பட்ட நூலில் அவ்வாறன்று. நூலாசிரியர் தம் கருத்தைச் சொல்லப் புகுந்தவரேயன்றி நமக்கு அகராதி எழுதப் புகுந்தவரல்லர். இசபெல் பெக், மார்கரெட் மெக்கியோன், எல்லன் மெக்காஸ்லின் என்னும் மூவர் 1983இல் எழுதிய கட்டுரையில் சார்புகளை நான்காக வகுத்தனர். சில நேரே பொருளுக்கு அழைத்துச் செல்லும். சில பொதுவான திசையை மட்டும் காட்டும். சில ஒன்றும் காட்டா. சில தவறான திசையையே காட்டும்.

கடைசி வகைக்கு ஒரு சான்று: 'பேராசிரியரின் ஆப்ஸ்ட்ரூஸ் உரையை மாணவர் ஒன்றரை மணி நேரம் அசையாதிருந்து கேட்டனர், முடிவில் அரங்கம் கையொலியால் அதிர்ந்தது.' இதனைப் படித்தவர் ஆப்ஸ்ட்ரூஸ் என்றால் சுவைமிக்க என்று எழுதி வைத்துக்கொள்வார். அச்சொல்லின் பொருளோ, எளிதில் விளங்காத, ஆழ்ந்து சிக்கலான என்பது. கடினமான உரையையும் பொறுமையாகக் கேட்டார்கள் என்பதே ஆசிரியர் கருத்து. முன்னொட்டைக் கொண்டு பொருள் காண்பதும் இவ்வாறு கைவிடுவதுண்டு. 'இன்' எதிர்மறை என்று கற்ற மாணவர் 'இன்வேல்யுபிள்' என்பதற்கு மதிப்பற்ற என்று பொருள் எழுதுவார். அதுவோ விலைமதிக்க இயலாதது.

தொல்காப்பியர் இதனையும் விட்டுவிடவில்லை. வினையால் வேறுபடாத பலபொருள் ஒருசொல் என்று தனியே பிரித்தார். மா வீழ்ந்தது என்றால் மரமும் வீழும், விலங்கும் வீழும். வினை நமக்கு உதவாது. இன்ன மா என்று சொல்பவரே வெளிப்படக் கூறுதல் வேண்டும் என்றார். படிப்பவர்க்கு அவ்வுதவி கிட்டாதபோது ஊகித்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. அகராதியைத் திறந்துவிட வேண்டும்.

தலையங்கம் படிக்கலாமா?

'நாள்தோறும் ஆங்கில நாளேட்டின் தலையங்கத்தைப் படி. ஆங்கிலம் தானாக வரும்' என்பது நம் பெரியோர் பலர் இளைஞர்க்கு வழங்கும் அறிவுரை. அன்பினால் கூறுவது; ஆயினும் கிராமத்துப் பள்ளியிலிருந்து அவ்வாண்டுதான் கல்லூரிக்கு வந்த மாணவர்க்கு அது உதவுவதினும் தளர்வையே தருகிறது என்பது என் துணிபு. காரணம் உண்டு. தெரியாத சொல்லைச் சுற்றியுள்ள சொற்கள் தெரிந்திருந்தால்தான் சார்பு வேலை செய்யும். ஹூ என்பவரும் நியூசிலாந்து அறிஞர் பால் நேஷனும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலத்தை அயல்மொழியாகக் கற்பவர் ஒரு கதையைத் துணையின்றிப் புரிந்துகொள்ள நூற்றுக்கு ஏறத்தாழ 98 சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்று கண்டனர். 80 சொற்களே தெரிந்த நிலையில் எவருக்கும் போதிய விளக்கம் கிட்டவில்லை. கணக்கிட்டுப் பாருங்கள்: 300 சொற்கள் கொண்ட பக்கத்தில் ஆறு அருஞ்சொற்கள் என்பது தாங்கக்கூடிய அளவு. அதே பக்கத்தில் அறுபது இருந்தால், ஓர் இருட்டை மற்றோர் இருட்டைக் கொண்டு விளக்குவது போலாகும். அம்மாணவர் அதனைத் தம் அறிவின் குறை என்று நினைத்துப் படிப்பையே வெறுக்கிறார்.

இதற்குரிய மருந்து நம் துணைக்கண்டத்திலேயே தோன்றியது என்பது பலர் அறியாதது. டாக்காவில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், 1920களில் வங்காள மாணவர்க்கென வாசிப்பு நூல்களை எழுதுகையில், அரிய சொற்களை நீக்கி எளிய சொற்களைப் பெய்து, புதிய சொற்களை நெருக்கமாக அடுக்காமல் இடைவிட்டு அறிமுகம் செய்தார். ஏறத்தாழ 2000 அடிப்படைச் சொற்களைக் கொண்ட அவருடைய பட்டியல் 1953இல் வெளிவந்தது. அவ்வழியில் எழுந்த தரப்படுத்திய கதைநூல்கள் இன்றும் கிடைக்கின்றன. இளங்கலை மாணவர் அவற்றைப் படிப்பது இழுக்கென்று நூலகத்தில் கூச்சப்படுவதைக் காண்கிறேன். கூச்சப்பட ஏதுமில்லை. ஒரு பக்கத்தில் ஐந்தாறு புதிய சொற்கள் எந்நூலில் வருகின்றனவோ அதுவே அவருக்கு இப்போதைக்கு உரிய நூல். தலையங்கம் காத்திருக்கும்.

ஒருமுறை கண்ட அளவில் ஒரு சொல் மனத்தில் ஊன்றிவிடாது என்பதையும் பெற்றோர் அறிதல் நன்று. வில்லியம் நேகி முதலியோர் 1980களில் அமெரிக்கப் பள்ளிக் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வுகளின்படி, தாய்மொழியில் படிக்கும்போதுகூட ஒரு முறைச் சந்திப்பில் சொல் பதியும் வாய்ப்பு மிகச் சிறிது. மீண்டும் மீண்டும், வெவ்வேறு வாக்கியங்களில் காண வேண்டும். ஆகவே ஏட்டில் சொல்லையும் பொருளையும் எழுதுவதை விடுத்து, சொல் வந்த வாக்கியத்தை முழுமையாக எழுதி, தடயமாகிய பகுதியை அடிக்கோடிட்டு, தாம் ஊகித்த பொருளை ஒருபுறமும் அகராதிப் பொருளை மறுபுறமும் குறிக்குமாறு மாணவரிடம் கூறி வருகிறேன். அதே சொல் பிறிதோரிடத்தில் தென்பட்டால் அவ்வாக்கியமும் அதன்கீழேயே சேரும்.

மாணவி ஒருவரின் ஏட்டில் 'ஓவர்சைட்' என்னும் சொல்லின்கீழ் நான்கு வாக்கியங்கள் இருந்தன. இரண்டில் அது மேற்பார்வை என்னும் பொருளது: குழுவின் ஓவர்சைட்டின்கீழ்ப் பணி நடந்தது என்பது போல. மூன்றாவதில் கவனப்பிசகு: எழுத்தரின் ஓவர்சைட்டால் பட்டியலில் ஒரு பெயர் விடுபட்டது. இவை மூன்றிலும் தடயம் தெளிவாக அடிக்கோடிடப்பட்டிருந்தது. நான்காவது வாக்கியம், வாரியத்தின் ஓவர்சைட் காரணமாகவே இது நிகழ்ந்தது என்ற அளவில் நின்றது. அதன் எதிரே ஒரு வினாக்குறி மட்டும் இருந்தது. 'இது எது?' என்று என்னைக் கேட்டார். நிகழ்ந்தது நன்மையா தீமையா என்று முன்னுள்ள பத்தி சொல்லியிருக்கக்கூடும். அதனை அவர் எழுதிவரவில்லை. அவ்வினாக்குறியை அப்படியே விட்டுவிட்டு, அந்தப் பழைய இதழைத் தேடிப் பார்க்கும்படி நூலகத்துக்கு அனுப்பினேன்.